எல்லாம் என் நேரம்

காலத்தோடு மோதிப் பார்த்துவிடுவது என்று பாக்கியசாமி முடிவு கட்டிவிட்டான். ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை, விழுப்புரத்தில், தன் வீட்டுக் கூடத்தில், ஆடும் ஸ்டூல் மேல் ஏறி நின்று, சுவர்க் கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளினான். பிறகு சார்ஜில் கிடந்த மனைவியின் செல்போன். பிறகு அவள் கைக்கடிகாரம். தன் செல்போனை மட்டும் தொடவில்லை. திருட்டு வேலை செய்கிறவனுக்கும் சரியான மணி தெரிய வேண்டுமில்லையா!

பாக்கியசாமி பத்திர ஆபீசுக்கு எதிரே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறான். வைத்திருக்கிறான் என்றுதான் சொல்ல முடியும், நடத்துகிறான் என்று சொல்ல முடியாது. காலப்பயணக் கதை என்றால் அவனுக்குச் சோறு தண்ணி வேண்டாம். "அண்ணே, ரெண்டு காப்பி" என்று யாராவது கேட்டால், இவன் முந்நூறு வருஷத்துக்கு முன்னாலிருந்து திரும்பி வந்துதான் பட்டனை அழுத்துவான். அதற்குள் வந்தவர் பக்கத்துக் கடைக்குப் போயிருப்பார்.

மனைவி பெயர் வெனிலா. பெயரில்தான் ஐஸ்க்ரீம். பதினெட்டு வருஷமாக உருகுவது பாக்கியசாமிதான்.

"காலப்பயணம்னா கால்ல நடந்து போறதா?" என்று ஒருமுறை கேட்டாள்.

"ஏய், காலத்துல போறது! போன வருஷத்துக்குப் போலாம். அடுத்த வருஷத்துக்குப் போலாம்."

"மொதல்ல கடைத்தெருவுக்குப் போங்க. புளி இல்ல."

இப்படிப்பட்டவளிடம் எப்படிச் சொல்வது? விஷயம் இதுதான். வாசகர் வட்டச் செயலாளர் பச்சைமுத்து அவனை முதல்முறையாகப் பேசக் கூப்பிட்டிருந்தார். 'காலப்பயணக் கதைகள் நம்மை ஏன் இழுக்கின்றன?' என்று தலைப்பு. ஞாயிறு காலை பதினொரு மணி, நூலக மாடி. நாற்பத்தைந்து வயது வரைக்கும் பாக்கியசாமியைப் பேசாதே என்றவர்கள்தான் உண்டு, பேசு என்றவர் இவர் ஒருத்தர்தான். ஆனந்தத்தில் தலையாட்டிவிட்டான்.

வீட்டுக்கு வந்தால் குண்டு காத்திருந்தது. அதே ஞாயிறு, திண்டிவனத்தில் வெனிலாவின் தம்பி இருதய அருண் கட்டிய புது வீட்டுக்கு மந்திரிப்பு. ஃபாதர் வந்து செபம் சொல்லி, தீர்த்தம் தெளித்து, பிறகு எல்லாருக்கும் பிரியாணி.

"ஒம்போதரைக்கி ஃபாதர் வந்துடுவாரு. எட்டுக்கெல்லாம் கெளம்பணும்" என்று உத்தரவாகிவிட்டது.

எனக்குக் கூட்டம் இருக்கிறது என்று சொல்ல அவன் எத்தனையோ தடவை வாயைத் திறந்தான். ஒவ்வொரு தடவையும் கொட்டாவிதான் வந்தது.

அதனால்தான் இந்தத் திட்டம். கடிகாரத்தில் எட்டு என்றால் நிஜத்தில் ஒன்பது. பஸ் ஸ்டாண்டுக்குப் போனதும் "ஐயையோ, லேட்டு!" என்று இவன் தலையில் கை வைப்பான். "இனிமே போயி இன்னா பிரயோஜனம், அடுத்த வாரம் போலாம்" என்று அவளே சொல்லிவிடுவாள். வீடு எங்கே ஓடிப்போகிறது? அடுத்த ஞாயிறும் திண்டிவனத்தில்தான் இருக்கும். கூட்டம் இருக்குமா?

மனைவிக்கு முன்னால் அவன் எழுந்த முதல் நாள் அது. அதுவே சந்தேகத்துக்கு இடம் கொடுக்கும் என்று அந்த மரமண்டைக்கு உறைக்கவில்லை.

வெனிலா எழுந்து காபி போட்டாள். மாதா கோயில் மணி கணகணவென்று அடித்தது.

"இன்னாங்க, ஏழு மணிப் பூசைக்கி அடிக்கிறாங்க? நம்ம வீட்ல ஆறுதான ஆவுது?"

"புது உபதேசியாரு. மணி அடிச்சுப் பழக்கமில்ல போலிருக்கு."

"வெயிலு வேற சுள்ளுன்னு அடிக்குது."

"சித்திரை மாசம். வெயில் ஜல்தியா கெளம்பிடும்."

"பால்காரரும் ஜல்தியா வந்துட்டுப் போய்ட்டாரு."

"அவருக்கு... அவருக்கு வீட்ல இன்னா அவசரமோ!"

"பாவம், அப்பிடித்தான் இருக்கும்" என்றாள் வெனிலா. பாக்கியசாமிக்குத் தன் சாமர்த்தியத்தை நினைத்து நெஞ்சு விம்மியது.

பஸ் ஸ்டாண்டில் தன் செல்போனை எடுத்துப் பார்த்து, ஒத்திகை பார்த்தபடியே அலறினான்.

"ஐயையோ வெனிலா! மணி ஒம்போது தாண்டிடுச்சு! வீட்டுக் கடிகாரம் ஸ்லோவா ஓடியிருக்கு!"

"அப்பிடியா?"

"இனிமே எப்ப போய்ச் சேர்றது? பேஜாரா போச்சே!"

"ஆமாங்க, பேஜாருதான்."

"அப்ப... வீட்டுக்குப் போலாமா?"

"திண்டிவனம் வண்டி நிக்குது. ஏறுங்க."

"லேட்டாயிடுச்சும்மா!"

"லேட்டுக்குப் பயந்தா ஒங்களோட குடும்பம் நடத்த முடியுமா? ஏறுங்க. ஜன்னல் சீட்டு எனக்கு."

ஏறினான். வேறு வழி? விக்கிரவாண்டி போயிற்று. கூட்டேரிப்பட்டு போயிற்று. பச்சைமுத்து மாடிப்படியையே பார்த்துக்கொண்டு நிற்பது அவன் கண்ணுக்குள் வந்தது. வெனிலா வறுத்த மல்லாட்டை வாங்கி, கடலைத் தோலை ஊதி ஊதி அவன் உள்ளங்கையில் போட்டுக்கொண்டே வந்தாள். அவன் தின்னாமல் கையை மூடி வைத்திருந்தான்.

"எல்லாம் என் நேரம்" என்று முனகினான்.

"இன்னாங்க?"

"ஒண்ணுமில்ல. மல்லாட்டை நல்லாருக்கு."

எல்லாம் முடிந்திருக்கும், போனதும் மன்னிப்புக் கேட்க வேண்டியதுதான் என்று முகத்தைத் தொங்கப் போட்டபடி புது வீட்டுக்குப் போனால், அங்கே அப்போதுதான் வண்டியிலிருந்து நாற்காலி இறங்கிக்கொண்டிருந்தது. லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜிகினாத் தோரணம் தொங்கவிட்டுக்கொண்டிருந்த மச்சான் அருண் ஏணியிலேயே உறைந்துவிட்டான்.

"மாமா! நீங்களா? ஃபாதர் பத்தரைக்கித்தான் வர்றாரு! எப்பவும் செபம் ஆரம்பிக்கிறப்பதான ஒங்க தல தெரியும்?"

மாமியார் இன்னாசியம்மாள் உள்ளேயிருந்து ஓடி வந்தார். "மருமகனே, ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

பாக்கியசாமி மனைவியை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனான். "ஒம்போதரைன்னு சொன்ன?"

"ஒங்களுக்கு ஒம்போதரை. மத்தவங்களுக்குப் பத்தரை."

"அது இன்னா, எனக்கு மட்டும் தனி நேரம்?"

"நம்ம கல்யாணத்தன்னிக்கே கோயிலுக்கு ஒரு மணி நேரம் லேட்டா வந்தவரு நீங்க. மாலையப் போட்டுக்கினு நான் ஒருத்தியா நின்னுக்கினு இருந்தேன். அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். எந்த விசேஷம்னாலும் ஒங்களுக்கு ஒரு மணி நேரம் கொறைச்சுதான் சொல்றது. இன்னிக்கி நீங்க ஒரு மணி நேரம் பின்னாடி இழுத்தீங்க. சரியாப் போச்சு."

"நான் இழுத்தது தெரியுமா!"

"அந்த ஸ்டூலு ஆடற சத்தம் தெருமுனை வரைக்கும் கேட்டுது. எங்க விழுந்துடப் போறீங்களோன்னு கண்ண மூடிக்கினு மாதாவ வேண்டிக்கினு படுத்திருந்தேன்."

"எல்லாம் என் நேரம்!"

"ஒங்க நேரம் இல்லீங்க. பதினெட்டு வருஷமா நீங்க ஓடறது என் நேரத்துல."

பாக்கியசாமி நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தான். "போச்சு. என் கூட்டம் போச்சு."

"அது நாலு மணிக்கித்தான?"

அவன் நிமிர்ந்து பார்த்தான்.

"நாலு நாளா பாத்ரூம்ல பக்கெட்டப் பாத்து 'அவையோர்களே, பச்சைமுத்து அவர்களே'ன்னு பேசிக்கினு இருந்தீங்க. பச்சைமுத்து சாருக்கு போன் பண்ணேன். காலைல விசேஷம், சாயங்காலம் வச்சிக்கலாமான்னு கேட்டேன். சாயங்காலம்னா இன்னும் நாலு பேரு வருவாங்கன்னு அவருக்கும் சந்தோஷம். ஒங்ககிட்ட நானே சொல்லிக்கிறேன்னுட்டேன்."

"எனக்கு ஏன் சொல்லல?"

"நீங்க எனக்குச் சொன்னீங்களா?" வெனிலாவின் குரல் இறங்கிவிட்டது. "மொத மொதல்ல மேடையேறப் போறீங்க. எனக்குப் பெருமையா இருக்காதா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேணாம்னா சொல்லுவேன்?"

பாக்கியசாமிக்கு அழுகை வரும்போல் இருந்தது. நல்லவேளை, ஃபாதர் வந்துவிட்டார்.

சாயங்காலம் நான்கு மணிக்கு நூலக மாடியில் அவன் நன்றாகவே பேசினான். "அவையோர்களே! மிஷினுக்காக நாம் இந்தக் கதைகளைப் படிக்கவில்லை. ராஜாவையும் யானையையும் பார்க்கவும் இல்லை. சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் முழுங்கிய ஒரு வார்த்தை எல்லாரிடமும் இருக்கிறது. திரும்பிப் போய் அதைச் சொல்லிவிட மாட்டோமா என்கிற ஏக்கம்தான் நம்மை இழுக்கிறது" என்றான். இதைச் சொல்லும்போது முன்வரிசையில் இருந்த வெனிலாவைப் பார்த்தான். அவள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். கைதட்டினார்கள்.

அதோடு இறங்கியிருக்கலாம். கைதட்டல் தலைக்கு ஏறிவிட்டது.

"என் மனைவியையே கேட்போம். கால இயந்திரம் கிடைத்தால் நம் கல்யாண நாளுக்குத் திரும்பிப் போவாயா, வெனிலா?"

வெனிலா எழுந்து புடவையைச் சரிசெய்துகொண்டாள்.

"போவ மாட்டேங்க."

பாக்கியசாமி மைக்கை மெல்லக் கீழே இறக்கினான்.

"எதுக்கும் ஒரு மணி நேரம் கொறைச்சுச் சொல்லி, இந்த மனுஷன இந்த அளவுக்குப் பழக்கி எடுக்கவே பதினெட்டு வருஷம் ஆச்சு. திரும்பிப் போனா மறுபடியும் மொதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். யாரால ஆவும்?"

ஜன்னல் கண்ணாடி அதிரும்படி கைதட்டல். பாக்கியசாமியும் தட்டினான், வேறென்ன செய்வது? பச்சைமுத்து மைக்கை வாங்கி, அடுத்த மாதம் வெனிலா அவர்கள் பேசுவார்கள், கூட்டம் சரியாக நாலு மணிக்கு என்று அறிவித்தார். பிறகு பாக்கியசாமியின் காதருகே குனிந்தார்.

"சார், ஒங்களுக்கு மூணு மணிக்கி."