தொழிலுக்குச் சம்பந்தமில்லாத குற்றம்

"கதவைத் தாழ் போடு! யாரும் உள்ள வரக் கூடாது!"

மூன்றாம் மாடிக் கழிவறையில் வெண்டல் ஹாக்ஸ்ட்ரா கத்தினார். கையில் டிரிம்மர். நெற்றியிலிருந்து உச்சி வரை, நடுத்தலையில் ஓர் ஒற்றையடிப் பாதை.

மாநில முடிதிருத்துவோர் வாரியத்தின் தலைவர் அவர். சொந்தத் தொழில் இன்சூரன்ஸ். பதினோரு மணிக்குக் கவர்னரோடு போட்டோ. கொஞ்சம் ஒழுங்கு பண்ணலாம் என்று ஆரம்பித்தவர், டிரிம்மரின் சீப்பு கழன்று விழுந்ததைக் கவனிக்கவில்லை.

முகம் கழுவ வந்த ரூஃபஸ் வாசலிலேயே உறைந்தான். பத்து மணிக்கு இவர் முன்னால்தான் அவனுக்கு விசாரணை. பயிற்சி முடிந்தது, பரீட்சையும் பாஸ். குறுக்கே நிற்பது பழைய போலீஸ் ரெக்கார்டு மட்டும். இன்று லைசென்ஸ் கிடைக்காவிட்டால், லெராயின் முடிதிருத்தும் கடையில் அவனுக்காகக் காத்திருக்கும் நாற்காலி நாளை வேறொருவனுக்கு.

"பையில கத்தரிக்கோல் தெரியுதே? வா, சரி பண்ணு."

"வேணாம் சார். லைசென்ஸ் வராம நான் யார் தலையையும் தொடறதில்ல."

"லைசென்ஸ் குடுக்கறதே நான்தான்யா!"

"அதனாலதான் சார் பயமா இருக்கு."

"இந்தத் தலையோட கவர்னர் பக்கத்துல நின்னா ஊரே சிரிக்கும். வெட்டுறியா, இல்ல உன் ஃபைலை அடியில தள்ளட்டுமா?"

ரூஃபஸ் கதவைத் தாழிட்டான்.

பாதையை மறைக்க இடப்பக்கம் குறைத்தான். வலப்பக்கம் புதராகத் தெரிந்தது. அதையும் குறைத்தான். நெற்றியோரம் மெஷின் வந்தபோது தலைவர் தும்மினார். இடப்புருவம் பாதி காலி.

"என்னய்யா பண்ணே?"

"தும்மினது நீங்க சார்."

"அப்ப வலதையும் பாதியாக்கு! சமமாவாவது இருக்கட்டும்."

கடைசியில் கண்ணாடியைப் பார்த்தவர் தலையை இப்படியும் அப்படியும் திருப்பினார். பத்து வயது குறைந்திருந்தது.

"முப்பது வருஷமா எவனோ என் தலையில புல்லு வெட்டிட்டு இருந்திருக்கான்! தம்பி, உன் கேஸ் என்ன? திருட்டா, அடிதடியா? எதுவா இருந்தா என்ன! புதுச் சட்டம் வந்தாச்சு. பழைய குற்றத்தைக் காட்டி லைசென்ஸ் மறுக்கக் கூடாது. தொழிலோட நேரடியா சம்பந்தம் இருந்தாத்தான் வம்பு."

ரூஃபஸ் சுத்தமாக இருந்த சீப்பை மறுபடி துடைத்தான்.

"சார், அதைத்தான் அப்பவே சொல்ல வந்தேன்..."

"மணி பத்து! ஓடு, ஓடு!"

விசாரணை அறையில் மற்ற இரண்டு உறுப்பினர்களும் அசல் முடிதிருத்துபவர்கள். ரூஃபஸை அவர்கள் ஏறிட்டும் பார்க்கவில்லை. தலைவரின் தலையையே பார்த்தார்கள்.

"அடேயப்பா! யார் கை சார் இது?"

"அது... அப்புறம் சொல்றேன். முதல்ல இவர் விஷயம். என்னமோ பழைய குற்றம். தொழிலுக்குச் சம்பந்தமில்லாதது. சம்மதம்னா கையைத் தூக்குங்க."

தூக்கினார்கள்.

"ஏகமனதா பாஸ்! டெலோரஸ், முத்திரை குத்து."

குமாஸ்தா டெலோரஸ் ஓங்கிக் குத்தினாள். ரூஃபஸ் லைசென்ஸை வாங்கிப் பையில் ஆழமாகச் செருகிக்கொண்டான்.

"குறிப்புல எழுதணும் சார், குற்றத்தைப் படிச்சிடறேன்." டெலோரஸ் ஃபைலைப் புரட்டினாள். கண்ணாடிக்கு மேலாகத் தலைவரை ஒருமுறை பார்த்தாள்.

"'பதினோரு வருஷத்துக்கு முன்னாடி, தன் வீட்டுச் சமையலறையில, லைசென்ஸ் இல்லாம அடுத்தவருக்கு முடி வெட்டினது.' காலரைத் தட்டி விட்டுக்கோங்க சார், ரெண்டாவது கேஸ் அங்க ஒட்டிட்டு இருக்கு."