இருங்க, நான் பேசிக்கிறேன்

ஊருக்கு ஒருவராவது இருப்பார், இந்த இனத்தில். கடன் கொடுத்தவரும் வாங்கியவரும் கோர்ட் வாசலை மிதித்துவிடாமல் காக்கவே பிறந்தவர்; யாரும் கூப்பிட வேண்டியதில்லை, இரண்டு பேர் குரலை உயர்த்தினால் போதும், எந்தத் தெருவில் இருந்தாலும் செருப்பை மாட்டிக்கொண்டு வந்து நிற்பார். சமரசம் பேசுகிறவர் என்று பெயர். சமரசம் ஆகிறதா என்று கேட்கிறீர்களா? அது வேறு விஷயம்.

பழனிசெட்டிபட்டி சுயம்புலிங்கத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். தேவாரத்தில் வாழை போட்டிருக்கும் முனீஸ்வரியின் கிணற்று மோட்டார் பழுதாகி, போடியில் லிங்கேஸ்வரனின் ரிப்பேர் கடைக்கு வந்தது. பழைய பாக்கியைக் கட்டினால்தான் மோட்டார் வெளியே வரும் என்று கடைக்காரர் பிடித்து வைத்துக்கொண்டார். பக்கத்துத் தோட்டத்தில் கெஞ்சி வாங்கும் தண்ணீரில் வாழை உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்கிறது. கோர்ட்டுக்குப் போனால் பேரன் காலத்தில்தான் தீர்ப்பு வரும் என்று இருவரையும் பயமுறுத்தி, வழக்கைத் தன் கைக்குள் கொண்டுவந்தார் நம்மவர்.

அவர் வகுத்த முதல் விதி, சம்பந்தப்பட்டவர்கள் ஒருவரோடொருவர் பேசக் கூடாது என்பது. பக்கத்து டீக்கடையில் முனீஸ்வரியை உள் பெஞ்சிலும் லிங்கேஸ்வரனை வெளி பெஞ்சிலும் உட்காரவைத்து, நடுவில் இவர் நடப்பார். இவள் சொன்னதைக் கொஞ்சம் உப்புப் போட்டு அங்கேயும், அவர் சொன்னதைக் கொஞ்சம் காரம் சேர்த்து இங்கேயும் பரிமாறுவார். யாராவது நேரே வாயைத் திறந்தால், "இருங்க, நான் பேசிக்கிறேன்" என்பார். இரு தரப்புச் செலவிலும் டீ, வடை சாப்பிட்டுவிட்டு, வருகிற வெள்ளிக்கிழமை முடித்துவிடலாம் என்று எழுந்துகொள்வார். எந்த வெள்ளிக்கிழமை? அதைக் கேட்கக் கூடாது.

போன வெள்ளிக்கிழமை அவருக்கு ஆண்டிபட்டியில் இன்னொரு வழக்கு, வர நேரமாகிவிட்டது. பஸ்ஸை விட்டு இறங்கிப் பார்த்தால், இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார்கள். மோட்டார் லோடு ஆட்டோவில் ஏறியிருக்கிறது. வாழைத்தார் வெட்டியதும் பாக்கியைக் கட்டிவிடுவதாக அவள் சொன்னாளாம், சரி என்று அவர் சொன்னாராம். அவ்வளவுதான்.

சுயம்புலிங்கம் பெஞ்சையும் ஆட்டோவையும் மாறி மாறிப் பார்த்தார். தன்னைக் கேட்காமல் ஒரு சமரசமா? பொய் சொல்வானேன், பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது. ஆனாலும் மனிதர் விடவில்லை. வட்டியைப் பேசினீரா என்று லிங்கேஸ்வரன் காதிலும், மோட்டாரைப் பிடித்து வைத்ததற்கு நஷ்டஈடு கேட்டாயா என்று இவள் காதிலும் போட்டார். கடைக்காரரின் கை மெல்ல நீண்டு ஆட்டோவின் கம்பியைப் பிடித்தது.

முனீஸ்வரி எழுந்தாள்.

"அண்ணே, வாழைக்கு இன்னைக்கே தண்ணி பாயணும். பேச வேண்டியது மிச்சம் இருந்தா, நீங்க இங்கனயே உக்காந்து பேசி முடிச்சிருங்க. அதுக்கு நாங்க இருக்கணும்னு இல்ல."

லிங்கேஸ்வரன் சிரித்துவிட்டார், கம்பியிலிருந்து கையை எடுத்தார். ஆட்டோ தேவாரம் பாதையில் கிளம்பியது. டீக்கடைக்காரர் முதல்முறையாகச் சுயம்புலிங்கத்திடமே டீக்குக் காசு கேட்டார்.

அதெல்லாம் சரி, வட்டியைப் பற்றியும் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம் என்று இப்போது மனதுக்குள் நினைத்தீர்களே, உங்களை யார் கூப்பிட்டது?