தட்டைப் பார்க்கும் கேமரா

ரூபேந்திரன் விடியுமுன் எழுந்தான். தண்ணீர் கொதிக்க வைத்தான். ரொட்டியில் காயா ஜாம் தடவினான். மகள் துர்ஷினியை எழுப்பிக் குளிக்கவைத்துத் தலை வாரினான். இரட்டைப் பின்னல் அவனுக்கு வராது; ஒற்றைக் குதிரைவால்தான். மனைவி இறந்த பிறகு கற்றுக்கொண்டது அவ்வளவே. பள்ளி வேன் வந்தது. ஏற்றிவிட்டான். சட்டையில் காயா ஒட்டியிருந்தது. துடைத்துவிட்டு வேலைக்குக் கிளம்பினான்.

வேலை பக்கத்து வட்டாரமான தம்போயில். வீட்டிலிருந்து மோட்டார் சைக்கிளில் போனால் ஒரு பாட்டு முடிவதற்குள் வந்துவிடும். இந்த வேலை போனால் சிங்கப்பூர்தான். எல்லைப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து, பிள்ளை எழும்பும் முன்பே வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். பிள்ளையைத் தள்ளியிருக்கும் பொந்தியானில் தங்கை கஸ்தூரி வீட்டில்தான் விட வேண்டும். கஸ்தூரி ஓர் அறையை ஒழித்தே வைத்துவிட்டாள்.

வேலை இருக்குமா என்பது இன்று மதியம் தெரிந்துவிடும்.

ஜெகபர் சாதிக்கின் சாப்பாட்டுக் கடையில் சோறும் கறியும் நாமே அள்ளிக்கொள்ள வேண்டும். தட்டோடு கல்லாவில் போய் நின்றால் அவர் மனைவி சபீதா விலை சொல்வார். தராசு கிடையாது, விலைப்பலகை கிடையாது. இப்போது சபீதாவுக்கு முழங்கால் வலி. அவர் இல்லாத நாளிலும் கடை ஓட வேண்டும் என்பதற்காக, தட்டைப் படம் பிடித்து விலை சொல்லும் மென்பொருள் ஒன்றை ரூபேந்திரனின் கம்பெனி எழுதியது. ஒரு மாதம் கல்லாவுக்கு மேலே கேமராவைத் தொங்கவிட்டு, ஒவ்வொரு தட்டையும் அதற்கு சபீதா சொன்ன விலையையும் மென்பொருளுக்குப் புகட்டினார்கள். நேற்று சோதித்தார்கள். பாதிக்கு மேல் தப்பு. இன்றும் தப்பானால் ஒப்பந்தம் இல்லை. அது இல்லையென்றால் கம்பெனியும் இல்லை.

முதலாளி ராஜசேகரன் கலங்கவில்லை. போன வாரம்தான் சிங்கப்பூரில் ஒரு பயிற்சிக்குப் போய்வந்திருந்தார். யோசனைகளை வரவழைப்பது எப்படி, வந்ததில் நல்லதைப் பொறுக்குவது எப்படி என்று சொல்லிக்கொடுத்தார்களாம். கை நிறைய ஒட்டுத்தாள்களோடு திரும்பியிருந்தார்.

"ரூல் ஒண்ணுதான். யாரு என்ன சொன்னாலும் 'முடியாது'ன்னு சொல்லக் கூடாது. தோணுறத எழுது, செவுத்துல ஒட்டு."

"ஒண்ணும் தோணலன்னா, பாஸ்?" என்றாள் ஃபரீஹா. திரையை வடிவமைப்பது அவள் வேலை.

"தோணலன்னு எழுது லா."

எழுதி ஒட்டினாள்.

சுவர் மஞ்சளாயிற்று. விளக்கு போடலாம். தட்டின் நிறத்தை மாற்றலாம். எலும்பை எண்ணலாம். அடுத்தது தேர்வு. ஆளுக்கு மூன்று பொட்டு; பிடித்த யோசனையில் ஒட்ட வேண்டும். மூவரும் தத்தம் தாளிலேயே ஒட்டிக்கொண்டார்கள். ஃபரீஹாவின் 'தோணல'வும் மூன்று பொட்டோடு முன்னணியில் இருந்தது.

"அண்ணே, நான் ஜெயிச்சிருவேன் போல," என்று அவள் ரூபேந்திரனிடம் கிசுகிசுத்தாள்.

"இதுக்கும் ஒரு வழி இருக்கு," என்ற ராஜசேகரன், கண்ணை மூடி அகராதியைத் திறந்து விரலை வைத்தார். "ஒட்டகம். சம்பந்தமே இல்லாத ஒரு வார்த்தைய நம்ம பிரச்சினையோட முடிச்சுப் போடணும். ஒட்டகம்னா என்ன?"

"பாலைவனம்," என்றான் ரூபேந்திரன்.

"எச்சி துப்பும்," என்றாள் ஃபரீஹா.

"திமில்." ராஜசேகரன் எழுந்தே நின்றுவிட்டார். "உயரம் லா. மேலருந்து பாத்தா சோத்தோட உயரம் தெரியுமா? தெரியாது. பக்கத்துல இன்னொரு கேமரா வைக்கிறோம்."

'முடியாது' என்று சொல்லக் கூடாது. ரூபேந்திரன் உட்கார்ந்து அதற்கான நிரலை எழுதி முடித்தான்.

மதியம் கடையில் முதல் ஆளாக வந்தவர் லோரி ஓட்டும் காளியப்பன்.

"என்னாப்பா இது, பக்கத்துல ஒண்ணு புதுசா?"

"சோத்து உயரத்த அளக்குதுண்ணே."

காளியப்பன் யோசித்தார். கரண்டியை எடுத்தார். சோற்றைத் தட்டித் தட்டி ரொட்டிச் சானாய் போலத் தட்டையாக்கினார். விலை பாதியாக இறங்கியது. பின்னால் நின்றவரும் தட்டினார். கொஞ்ச நேரத்தில் வரிசை முழுக்க டக் டக் என்று கரண்டிச் சத்தம்.

கல்லாவுக்குப் பின்னால் நாற்காலியில் சாய்ந்திருந்த சபீதா, காலை நீவியபடி வேடிக்கை பார்த்தார்.

"பரவால்ல," என்றார் ராஜசேகரன். "தலைகீழா யோசிப்போம். வெல இன்னும் மோசமா வரணும்னா என்ன செய்யலாம்? கூச்சப்படாம சத்தமா சொல்லுங்க."

"கோழிய சோத்துக்குள்ள ஒளிச்சு வைக்கலாம், பாஸ்," என்று ஃபரீஹா கூச்சப்படாமல் சத்தமாகச் சொன்னாள்.

கரண்டிச் சத்தம் நின்றது. பிறகு கோழிகள் மறையத் தொடங்கின.

'வெறுஞ்சோறு' என்றது திரை. அடுத்த தட்டுக்கும் வெறுஞ்சோறு. அதற்கடுத்ததுக்கும்.

ரூபேந்திரன் சமையற்கட்டுக்கு ஓடி, மாவு நிறுக்கும் தராசைக் கொண்டுவந்து கேமராவோடு இணைத்தான். எடையை ஒளித்துவைக்க முடியாதல்லவா. முடியாதுதான். ஆனால் குழம்பு ஊற்றாமல் வந்து காசைக் கட்டிவிட்டு, திரும்பிப் போய்த் தட்டு நிறைய ஊற்றிக்கொள்ள முடிந்தது. காளியப்பன் மூன்று முறை போய்வந்தார்.

ஜெகபர் சாதிக் சமையற்கட்டிலிருந்து வெளியே வந்தார். குழம்புப் பானையை எட்டிப் பார்த்தார். கல்லாவைத் திறந்து பார்த்தார்.

"தம்பி, பானையும் காலி, கல்லாவும் காலி. நெறஞ்சிருக்கிறது வரிசை மட்டுந்தான். கழட்டுங்க. எனக்கு வேணாம்."

"இன்னும் ஒரு டெக்னிக் இருக்கு, பாய்."

"இருக்கட்டும். அத சிங்கப்பூர்லயே வச்சுக்குங்க."

சபீதா நாற்காலியைக் கல்லாவுக்கு இழுத்துப் போட்டுக்கொண்டார். வரிசை கலகலவென்று நகர்ந்தது. ஃபரீஹா ஒயர்களைச் சுருட்டினாள். ரூபேந்திரன் தங்கைக்குச் செய்தி அனுப்பினான்: 'துர்ஷினிக்கு ஒரு மெத்தை வாங்கி வை.' அனுப்பிய பிறகு பசித்தது. அவனும் ராஜசேகரனும் தட்டெடுத்தார்கள். மற்ற கறியெல்லாம் தீர்ந்திருந்தது. இருவருக்கும் அதே சோறு, அதே கோழித் துண்டு, அதே முட்டைக்கோஸ்.

சபீதா நிமிர்ந்தார்.

"பதினாலு வெள்ளி," என்றார் ராஜசேகரனிடம்.

"நாலு வெள்ளி," என்றார் ரூபேந்திரனிடம்.

ரூபேந்திரன் இரண்டு தட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தான். குனிந்து பார்த்தான். மேலிருந்து பார்த்தான். பக்கவாட்டில் பார்த்தான்.

"அக்கா, எங்க வேலதான் முடிஞ்சு போச்சே, இப்பவாச்சும் சொல்லுங்க. ரெண்டும் ஒண்ணாத்தான இருக்கு. தட்டுல எதப் பாத்து வெல சொல்றீங்க?"

சபீதா அவனுக்கு மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்தார்.

"தட்ட நான் எங்க தம்பி பாத்தேன்? ஆளு மொகத்தப் பாத்துத்தான் சொல்றேன்."