ரெங்கம்மா வீட்டு ஊலோங்

பழமையை மதிக்கத் தெரிந்த அரசாங்கம் உலகிலேயே ஒன்றுதான் இருந்தது. எழுபதுகளின் பிற்பகுதியில், இலங்கை மலையகத்தின் பூனாகலைக்கு மேலே ஒரு தேயிலைத் தொழிற்சாலையின் மாடியில் அது மேசை போட்டு உட்கார்ந்திருந்தது. அதன் திருநாமம் 'முதுதேயிலைச் சுவைமதிப்பீட்டு உபகுழு'.

உபகுழு மதிப்பிட வந்தது ஒரே ஒரு பெட்டியை. தோட்டங்களை அரசாங்கம் எடுப்பதற்கு முன்பு இருந்த வெள்ளைக்காரத் துரை, சீனாக்காரன் செய்கிற ஊலோங்கைத் தானும் செய்யப் புறப்பட்டார். பச்சையாகவும் விடாமல், முழுக்கக் கறுக்கவும் விடாமல், பாதியில் நிறுத்திய தேயிலை அது. ஒருவரும் வாங்கவில்லை. மிஞ்சிய பெட்டியை 'ரெண்டு நாளைக்கு' என்று சொல்லி, கொழுந்தெடுக்கும் ரெங்கம்மாவின் லயத்துக் காம்பராவில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டின் ஒற்றை அறையில், வைத்தார்கள். துரை சீமைக்குப் போனார். பெட்டி போகவில்லை. அதன்மேல் முருகன் படத்தை வைத்து ரெங்கம்மா விளக்கேற்றி வந்தாள்.

ஊலோங்குக்கு வயது ஏற ஏற விலையும் ஏறும் என்று கொழும்பில் யாரோ யாருக்கோ சொல்லிவிட்டார்கள். உடனே பெட்டி, மேளதாளம் ஒன்றுதான் குறை என்கிற மரியாதையோடு தொழிற்சாலைக்குப் போனது. பின்னாலேயே ரெங்கம்மாவும் போனாள். அவள் கவலை கூரைத் தகரம். அது ஓட்டையாகி எத்தனையோ மழை போய்விட்டது. கணக்கப்பிள்ளையிடம் சொன்னாள், துரைமாரிடம் சொன்னாள், ஓட்டுக் கேட்க வந்தவர்களிடமும் சொன்னாள். இப்போது மகள் இராக்கம்மா தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள். ஐப்பசி மழைக்குள் கூரை மாறாவிட்டால் பச்சைப்பிள்ளை தலையில் சொட்டும். பெரிய ஐயாமார் வந்திருக்கும்போதே கேட்டுவிட வேண்டும் என்று கதவோரம் நின்றாள்.

குழுத் தலைவர் ஜௌபர், பண்டாரவளையில் துணிக்கடை முதலாளி. தங்கமான மனிதர். துணியை முகர்ந்தே தரம் சொல்பவருக்குத் தேயிலை எம்மாத்திரம் என்று ஒரு மந்திரி 'கண்டுபிடித்து' நியமித்திருந்தார். தொழிற்சாலையில் தேயிலையின் பதம் பார்க்கும் டீமேக்கர் சின்னராசா அந்தப் பெட்டித் தேயிலையில் சாயத் தேநீர் ஊற்றிக் கொடுக்க, ஜௌபர் ஒரு கரண்டி எடுத்து, மாடு கழுநீர் குடிக்கிற சத்தத்தோடு உறிஞ்சி, வாயில் உருட்டித் துப்பினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"ஈரம்" என்றார். "சும்மா ஈரமில்ல. மேலேருந்து சொட்டுச் சொட்டா எறங்கின ஈரம்."

ரெங்கம்மாவுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

"பொகையும் இருக்குங்க" என்றார் சின்னராசா. "வெளிய போக வழியில்லாம உள்ளுக்கே சுத்தின பொகை."

"பூஞ்சணம்?"

"செவுத்துப் பூஞ்சணங்க. கடைசியா நனைஞ்ச கம்பளி வாடை ஒண்ணு வருது."

"இதத்தானேங்க நான் இத்தன வருசமாச் சொல்றேன்" என்றாள் ரெங்கம்மா. அவள் முறைப்பாட்டை ஒரு சொல் விடாமல், அதுவும் ருசித்து ருசித்து, பெரியவர்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். அவளுக்குக் கண் கலங்கிவிட்டது.

"இந்தப் பெட்டி இருந்த காம்பராவப் பாக்கணும்" என்றார் ஜௌபர்.

ரெங்கம்மா முன்னால் ஓடினாள். குழு காம்பராவுக்குள் நுழைந்து அண்ணாந்து பார்த்தது. அவள் மனசு குளிர்ந்தது. குழு சுவரை முகர்ந்தது. அவள் மனசு இன்னும் குளிர்ந்தது.

"இந்த ஓட்டைத் தண்ணி பெட்டி மேலயா விழும்?"

"எம்மக படுக்கிற எடத்துலங்க. பெட்டிக்குச் சாரல்தான் அடிக்கும்."

"சாரல். எழுதிக்கங்க சின்னராசா. அடுப்புக்குப் பொகக்கூண்டு?"

"இல்லவே இல்லீங்க."

"மாஷா அல்லாஹ்" என்றார் ஜௌபர்.

"எப்பங்க தகரம் மாத்துவீங்க? ஐப்பசியில இவ பெத்துருவா."

ஜௌபர் பதறிப்போனார். "தகரம் மாத்துறதா? என்ன தங்கச்சி பேசுறீங்க. இந்த ஓட்டையில கைவச்சா நாட்டுக்கே நட்டம். இந்த ருசி இங்கதான் உண்டாகுது. இன்னும் நாலு பெட்டி அனுப்பி வைக்கிறம். நீங்க கொஞ்சம் ஒதுங்கிப் படுத்துக்கங்க."

அப்போதே கதவில் பலகை ஏறியது: 'முதுதேயிலைப் பக்குவ நிலையம். பழுதுபார்த்தல் கண்டிப்பாகத் தடை.'

இராக்கம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுவரோடு சாய்ந்தாள். ரெங்கம்மாவுக்குப் பொத்துக்கொண்டு வந்தது.

"ஐயா, அந்தப் பெட்டி வர்றதுக்கு முந்தியே நாங்க இங்க நனையுறோம். எங்காத்தாளும் இதே பொகையிலதான் கெடந்து செத்தா. பெட்டிக்கு மதிப்பு ஏறிருச்சு. எங்களுக்கு ஏறலீங்களா?"

ஜௌபர் யாரையும் மனம் நோக விடாதவர். "ஏறாமலா? பெட்டிய கப்பல்ல அனுப்பப்போறம். ஒங்காளுகளையும்தான் அரசாங்கம் இந்தியாவோட ஒப்பந்தம் போட்டு, ராமேஸ்வரத்துக்குக் கப்பலேத்தி அனுப்பிக்கிட்டிருக்கு. ரெண்டும் ஏற்றுமதிதானே" என்றார்.

குழு மனம்விட்டுச் சிரித்தது. சிரித்து முடியும்வரை ரெங்கம்மா காத்திருந்தாள்.

"பெட்டிய ஏத்துறதுக்கு முன்னாடி, அது எப்படிப்பட்ட எடத்துல இருந்துச்சுன்னு வந்து பாத்தீங்க, ஐயா. எங்காளுகள ஏத்துறதுக்கு முன்னாடி ஒருத்தரும் வரலியே."