ஏனாமுக்குப் போன பெட்டி

தட்சிணாமூர்த்தியின் பெட்டி மறுபடியும் ஏனாமில் போய் உட்கார்ந்தது.

பெட்டி என்றால் எக்செல் திரையில் வரைந்த செவ்வகம். புதுச்சேரி அரசு அலுவலகம் ஒன்றில் யாருக்கு எந்த ஊரில் வேலை என்று காட்டும் படத்துக்காக வரைந்தது. புதுச்சேரி, காரைக்கால், மாஹே, ஏனாம் என்று இடமிருந்து வலமாக நான்கு கட்டங்கள். ஆளுக்கு ஒரு பெட்டி. பொத்தானை அழுத்தினால், பட்டியலில் பேருக்கு நேரே இருக்கும் ஊரைப் பார்த்து, மேக்ரோ என்ற குட்டி நிரல் பெட்டிகளை அந்தந்தக் கட்டத்தில் கொண்டுபோய் வைக்கும்.

மேக்ரோவை எழுதியவர் தட்சிணாமூர்த்தியேதான். படம் போடுகிறவனையே எவன் தூக்கியடிப்பான் என்ற தைரியத்தில் புதுச்சேரி லாஸ்பேட்டையில் வீடும் கட்டிவிட்டார். அடுத்த வாரம் கிரகப்பிரவேசம். இந்த நேரத்தில் ஆந்திராவுக்கு நடுவில் கிடக்கும் ஏனாமில் தன் பெயரைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

சூப்பிரண்டு ஹேமலதாவிடம் ஓடினார்.

"மேடம், மேக்ரோவுக்குப் பைத்தியம் புடிச்சிடுச்சி. என்னைய ஏனாமுக்கு அனுப்புது."

ஹேமலதா தலையை நிமிர்த்தவில்லை. "நல்லாப் பாருங்க மூர்த்தி. சாயந்தரத்துக்குள்ள டைரக்டர் டேபிளுக்குப் போவணும்."

நல்லாத்தான் பார்த்தார். இடது ஓரத்திலிருந்து பெட்டிகளுக்கு இருந்த தூரத்தைக் குறைத்தார். புதுச்சேரிக்காரர்களைத் தவிர எல்லாரும் ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்ந்தார்கள். காரைக்கால்காரர்கள் புதுச்சேரிக்காரர்களின் மடியில் உட்கார்ந்தார்கள். இவர் ஏனாமிலிருந்து மாஹேவுக்கு வந்தார், அவ்வளவுதான்.

நெரிசல் தீரட்டும் என்று புதுச்சேரிக் கட்டத்தை அகலமாக்கினார். பெட்டிகளும் கூடவே வீங்கின.

"என்ன மூர்த்தி, என்னைய இந்த சைசுலயா போட்டிருக்கீங்க?" என்றார் எட்டிப் பார்த்த ஹேமலதா.

பேசாமல் புதிதாகவே வரைந்துவிடலாம் என்று, வரைந்த எல்லாவற்றையும் அழிக்கச் சொல்லி மேக்ரோவில் ஒரு வரி சேர்த்துப் பொத்தானை அழுத்தினார். பெட்டிகள் போயின. பொத்தானும் போயிற்று. அதுவும் வரைந்ததுதானே! வெறும் கட்டங்களைப் பார்க்கப் பார்க்க அவருக்கு அழுகை வந்தது.

கடைநிலை ஊழியர் பாவாடை கேட்காமலேயே டீ கொண்டுவந்து வைத்தார். என்றுமில்லாத அதிசயமாகக் கூடவே இரண்டு பிஸ்கட்.

அதே நேரத்தில் மனைவி அன்புச்செல்வி போனில் வந்தாள். "ஏங்க, ஐயர் வரேன்னுட்டாரு. பால் காய்ச்சப் பித்தளைச் சொம்பு வாங்கியாந்துடுங்க."

"ம்" என்று போனை வைத்தார் தட்சிணாமூர்த்தி.

சேமிக்காமல் மூடிவிட்டு, காலையில் ஹேமலதா அனுப்பிய கோப்பைத் திரும்பத் திறந்தார். எல்லாம் பழையபடி இருந்தது. பயந்துகொண்டே பொத்தானை அழுத்தினார். அத்தனை பேரும் அவரவர் ஊரில். இவர் மட்டும் ஏனாமில்.

"போதும்டா சாமி!" மவுஸால் தன் பெட்டியைப் பிடித்துத் தரதரவென்று இழுத்து வந்து, புதுச்சேரிக் கட்டத்தில் ஹேமலதாவின் பெட்டிக்குப் பக்கத்தில் வைத்தார். பிரிண்ட் எடுத்துப் பாவாடையிடம் நீட்டினார்.

"இந்தா, டைரக்டர் ரூம்ல குடுத்துடு. காலையிலேர்ந்து உசுரை வாங்கிடுச்சி. மெஷினை நம்பவே கூடாதுப்பா."

பாவாடை தாளைப் பார்த்தார். நகரவில்லை. ஹேமலதா அவசரமாக எழுந்து வெளியே போனார்.

"அது சரியாத்தான் சார் வெச்சிச்சு. காலையில உங்க டிரான்ஸ்பர் ஆர்டர் வந்ததுமே மேடம் பட்டியல்ல உங்க பேருக்கு நேரா ஏனாம்னு மாத்திட்டாங்க. நேர்ல சொல்ல மனசு வரல... படத்தப் பாத்து நீங்களே தெரிஞ்சிக்குவீங்கன்னு அப்பலேர்ந்து எல்லாரும் காத்துக்கினு இருக்கோம் சார்."