அருவிச் சத்தத்தில் வாங்கிய வருமானச் சான்று

கடையநல்லூர்,
சாரல் விடாத ஒரு செவ்வாய்க்கிழமை.

அன்பு மகன் முஃபீதுக்கு வாப்பா ஆதம் எழுதிக்கொள்வது. அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் இங்கு எல்லாரும் சுகம், உன் உம்மாவைத் தவிர. உம்மாவும் சுகம்தான், நெஞ்சைத் தவிர. பதறாதே. பதற ஒன்றுமில்லை என்று சொல்லத்தான் இந்தக் கடிதம். போனில் சொல்லியிருக்கலாமே என்று கேட்பாய். நெஞ்சு விஷயத்தை உன்னிடம் வாய் திறந்து சொல்லக் கூடாது என்று உன் உம்மா மெஹர் பானு என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். எழுதக் கூடாது என்று அவள் சொல்லவில்லை. ஆகவே தென்காசி பஸ் ஸ்டாண்டில் துண்டு விற்கிற இடத்தில், ஆள் வராத நேரம் பார்த்து எழுதுகிறேன். லீவு முடிந்து வெள்ளிக்கிழமை துபாய் திரும்புகிற உன் கூட்டாளி அஃப்சலிடம் கொடுத்தனுப்புகிறேன். கூடவே முறுக்கும் வருகிறது. அவன் வழியில் தின்னாமல் இருந்தால்.

போன மாதம் மாடியில் துணி காயப்போடப் போனவள் பாதிப் படியில் உட்கார்ந்துவிட்டாள். கேட்டால் முந்தின நாள் ஆட்டுக்கறி சேரவில்லை என்றாள். அந்த ஆட்டின் மேல் பழியைப் போட்டே பத்து நாள் ஓட்டினாள். பிறகு நானும் உன் தங்கச்சி சஃப்ரினும் இழுத்துக்கொண்டு போய் தென்காசி பெரியாஸ்பத்திரியில் காட்டினோம், அவர்கள் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள், அங்கே டாக்டரம்மா படத்தைப் பார்த்துவிட்டு ரெண்டு அடைப்பு இருக்கிறது, ஸ்டென்ட் வைக்க வேண்டும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் கொண்டு வாருங்கள், ஒரு பைசா வேண்டாம் என்றார். உன் உம்மா உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "நாங்க அப்படிப்பட்ட ஆளுவ இல்ல டாக்டர், எம் மவன் துபாயில மேனேஜரு" என்றாள். டாக்டரம்மா, "அப்ப மேனேஜர்ட்ட சொல்லி இந்த மாசக் கடைசிக்குள்ள ஏற்பாடு பண்ணுங்கம்மா, தள்ளிப்போட முடியாது" என்றார். நான் சீலிங்கில் ஓடிய ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஏன் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும். உனக்கு வேலை போய் நாலு மாசம் ஆகிறது என்பது எனக்குத் தெரியும் லே. அஃப்சலைத் திட்டாதே, அவன் சொல்லவில்லை. வந்த அன்றைக்கு, "முஃபீத் எப்படி இருக்கான்?" என்று கேட்டேன், அவன் செருப்பைத் தேடினான். போட்டிருந்த செருப்பைத் தேடினான் லே! அதற்கு மேல் யாரும் சொல்ல வேண்டுமா? நீ மாசாமாசம் அனுப்பியது கூட்டாளிகளிடம் கைமாற்று வாங்கியது என்பதும் அதற்குப் பிறகு மெல்ல மெல்லத் தெரிந்தது. உம்மாவுக்குத் தெரிந்தால் நெஞ்சு தாங்காதே என்று நான் மூச்சுவிடவில்லை. ஸ்டோர் கீப்பராகப் போனவனைத் தெரு முழுக்க மேனேஜர் என்று சொல்லிவைத்தது நான்தானே. நீ எந்தக் காலத்திலும் அப்படிச் சொன்னதில்லை.

சரி, அட்டை வாங்கிவிடலாம் என்று இறங்கினேன். அதற்கு வருஷ வருமானம் ஒரு லட்சத்து இருபதாயிரத்துக்குள் என்று சான்று வேண்டும். ரேஷன் கார்டில் உன் பெயரும் இருப்பதால் உன் வருமானமும் சேரும். சஃப்ரினுக்குக்கூடச் சொல்லாமல் நானே இ-சேவை மையத்துக்குப் போய், துண்டு வியாபாரத்தில் வருவதை எழுதி, மகனுக்குத் தற்போது வருமானம் இல்லை என்று மெதுவாகச் சொன்னேன். அந்தப் பிள்ளை சத்தமாகத் திருப்பிச் சொல்லி டைப் அடித்தது. நல்லவேளை, பக்கத்தில் இருந்தவர்கள் கேரளாக்காரர்கள்.

மூணாம் நாள் விசாரிக்க ஆள் வந்தது. கிராம உதவியாளர், பெயர் அல்தாப், புளியங்குடியிலிருந்து புதிதாக மாற்றலாகி வந்தவர், நாற்பது வயசு, இஸ்திரி போட்ட சட்டை, கையில் பைல். தெருமுனையில் நின்று, "ஆதம் பாய் குடும்பம் எப்படி? வசதி உண்டா? மகன் என்ன பண்ணுதாரு?" என்று கேட்டிருக்கிறார். நம்ம தெருவில் வந்து ஒரு வெளியூர்க்காரர் இப்படிக் கேட்டால் என்ன அர்த்தம்? மாப்பிள்ளை வீட்டுக்காரர்கள் சஃப்ரினுக்காக ஆள் விட்டு விசாரிக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! பக்கத்து வீட்டு நஸீபா மாமி, பெண்ணைக் கரையேற்றுகிற பொறுப்பைத் தன் தலையில் எடுத்துக்கொண்டு, "வசதிக்கு என்ன கொறச்சல்? வீட்ல மூணு ஏசி ஓடுது! மவன் மேனேஜரு, அவன் கையெழுத்து இல்லாம துபாயில ஒரு கப்பல் நகராது!" என்று அடித்துவிட்டிருக்கிறாள். தையல்கடைக்காரர் தன் பங்குக்கு, தென்காசியில் நமக்கு ஒரு காம்ப்ளெக்ஸ் இருப்பதாகச் சொல்லியிருக்கிறார். பஸ் ஸ்டாண்டில் நான் நிற்கிற இடத்துக்குப் பின்னால் ஒரு காம்ப்ளெக்ஸ் இருக்கிறது, அதைச் சொன்னாரோ என்னவோ. அத்தனை பேரும் நம் மேல் உள்ள பிரியத்தில் சொன்னதுதான், யாரை நான் கோபிக்க?

தெரு முடிந்து அவர் நம் வீட்டுக்கு வந்திருக்கிறார். உம்மாவும் சம்பந்தி வீட்டு ஆள் என்றே நினைத்து, பின்வாசல் வழியாக நஸீபா மாமியிடம் பிஸ்தா வாங்கி, நீ கொண்டு வந்த பூப்போட்ட தட்டில் வைத்து, ஆரஞ்சு ஜூஸ் கலக்கி, எழுந்து போகும்போது அத்தரும் பூசக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். மனிதர் அத்தர் மணக்க ஆபீஸுக்குப் போய், வசதியான குடும்பம், மகன் வெளிநாட்டில் மேலாளர், மனுவில் கண்டது உண்மையல்ல என்று எழுதிவிட்டார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. நானாக இருந்தாலும் அப்படித்தான் எழுதியிருப்பேன்.

மாசம் முடியப் பன்னிரண்டு நாள். வி.ஏ.ஓ. காந்திமதிநாதன் ஸாரைத் தேடினால் அவரைச் சாரல் விழா வேலைக்குக் குற்றாலத்துக்குப் போட்டுவிட்டார்களாம். விற்காத துண்டுகளைத் தோளில் போட்டுக்கொண்டே பஸ் ஏறினேன். மெயினருவியில் தண்ணீர் பாறை தெரியாமல் கொட்டுகிறது, அவர் கயிறு கட்டின இடத்தில் நிற்கிறார், நான் அவரிடம் போய்ச் சேர்வதற்குள் நாலு பேர் என்னிடம் துண்டு விலை கேட்டார்கள். மறுவிசாரணை வேண்டும் ஸார், மகனுக்கு வேலை போயிட்டு என்று காதருகே சொன்னேன். "கேக்கல பாய்!" என்றார். கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். "அருவிச் சத்தம் பாய், சத்தமாச் சொல்லுங்க!" என்றார். எனக்கு எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, அடிவயிற்றிலிருந்து கத்தினேன்: "எம் மவன் முஃபீதுக்கு வேலை போயி நாலு மாசம் ஆச்சு! மேனேஜருன்னு நாஞ் சொன்னது பூரா பொய்யி! எம் பொண்டாட்டிக்கு நெஞ்சுல அடைப்பு! துண்டு வித்துத்தான் சாப்புடுதோம்!"

கத்தி முடித்துத் திரும்பினால் பெண்கள் குளிக்கிற பக்கம் நம்ம தெரு முழுக்க நிற்கிறது. வேன் பிடித்து வந்திருக்கிறார்கள். தலை சொட்டச் சொட்ட நஸீபா மாமி அங்கிருந்தே, "ஆதம் அண்ணே, அப்ப அன்னைக்கு வந்தது மாப்பிள்ளை வீட்டு ஆளு இல்லியா?" என்று கேட்டாள். எனக்கு அந்தத் தண்ணீருக்குள்ளேயே போய் நின்றுவிடலாம் போல இருந்தது. ஆனால் மாமி விடவில்லை. நேராக வி.ஏ.ஓ. முன்னால் வந்து, அன்றைக்கு நம்மைப் பணக்காரர் ஆக்கின அதே வேகத்தில், "ஸார், இவுக வீட்டு ஏசி ஓடி ரெண்டு வருசம் ஆச்சு, அந்தப் பிஸ்தா நாந்தான் குடுத்தேன், தட்டு மட்டுந்தான் அவுகளது!" என்று சாட்சி சொன்னாள். ஏழு பெண்கள் ஈரக் கையோடு கையெழுத்துப் போட்டார்கள். தாளைத் துடைக்க என் துண்டுதான் ஒன்று போயிற்று.

நான் தலை குனிந்து நிற்பதைப் பார்த்து வி.ஏ.ஓ. என்னை ஓரமாகக் கூட்டிப்போய் டீ வாங்கிக் கொடுத்தார். "எதுக்கு பாய் கூனிக்குறுகுதீய? சோப்பு வாங்குனா வரி, தீப்பெட்டி வாங்குனா வரி, செல்போனுக்கு ரீசார்ஜ் பண்ணுனாலும் வரி. அந்தக் காசுலதான் கவர்மென்ட் பிரீமியம் கட்டுது. இது ஒண்ணும் தர்மம் இல்ல, உங்க காசு சுத்தி வருது" என்றார். அதைக் கேட்டபிறகுதான் அந்த டீ உள்ளே இறங்கியது. முப்பது வருஷமாக நான் சோப்புப் போட்டுக் குளித்ததில் உம்மா நெஞ்சுக்கும் ஒரு பங்கு இருக்கிறது என்று நினைத்தால் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். எனக்கு முந்தி வேன் வந்து சேர்ந்துவிட்டது. உம்மா வாசலிலேயே நின்றாள். அழுவாள் என்று நினைத்தேன். "எனக்கு மூணு மாசமாத் தெரியும். அஃப்சல் பொண்டாட்டி சொல்லிட்டா. உங்களுக்கு பிரஷரு, அதான் நாஞ் சொல்லல" என்கிறாள்! ஒரே வீட்டில், ஒரே விஷயத்தை, அவள் எனக்கும் நான் அவளுக்கும் ஒளித்துவைத்துக்கொண்டு இருவரும் உன் மேனேஜர் உத்தியோகத்தைப் பற்றிச் சோறு தின்னும்போதெல்லாம் பெருமையாகப் பேசியிருக்கிறோம். இரண்டு பேரும் சிரித்தோம். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவள் மேல் எனக்கு அன்றைக்கு வந்த பிரியம் மாதிரி வந்ததில்லை, இதை நீ அவளிடம் சொல்லிவிடாதே.

சான்றும் வந்தது, கலெக்டர் ஆபீஸில் போட்டோ எடுத்து அட்டையும் பதிந்தாயிற்று. வருகிற திங்கட்கிழமை ஸ்டென்ட் வைக்கிறார்கள். ஆகவே நீ எதற்கும் கலங்காதே. பணம் அனுப்பாதே, கைமாற்று வாங்காதே. முக்கியமாகக் கிளம்பி வந்துவிடாதே. அங்கேயே நிதானமாக வேலை தேடு. இங்கே எல்லாவற்றையும் கவர்மென்ட் பார்த்துக்கொள்கிறது, மிச்சத்தை நான் பார்த்துக்கொள்வேன். நீ நேரத்துக்குச் சாப்பிட்டு, நேரத்துக்குத் தொழுது, உடம்பைப் பார்த்துக்கொள். நஸீபா மாமியும் தையல்கடைக்காரரும் ஸலாம் சொன்னார்கள். அல்லாஹ் உன்னை நல்லபடி வைத்திருக்க துஆச் செய்யும்,

உன் வாப்பா,
ஆதம்.

பி.கு.: வீட்டுக்கு வந்து இந்தக் கடிதத்தை மடிக்கும்போது ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. மருந்து, மாத்திரை, கட்டில், சாப்பாடு எல்லாம் திட்டத்திலேயே வந்துவிடுமாம். உள்ளே கொண்டு போனதும் வெளியே உட்கார்ந்திருக்க நோயாளியோடு யார் வருகிறார்கள் என்று கேட்டார்கள். நான்தான் என்று தைரியமாகச் சொல்லி வைத்தேன். போனை வைத்ததும் மடித்த கடிதத்தை மறுபடி பிரித்துவிட்டேன் லே. என் பக்கத்தில் உட்கார ஆள் எந்தத் திட்டத்திலும் இல்லை. கம்பெனி கொடுத்த ரிட்டர்ன் டிக்கெட்டை நீ இன்னும் வைத்திருக்கிறாய் என்று அஃப்சல் சொன்னான், இந்தத் தடவை வாயாலேயே சொன்னான். அவன் போய்ச் சேரும்வரை பொறுக்க முடியாது என்று, இந்தக் கடிதத்தைப் போட்டோ எடுத்து உனக்கு இப்போதே அனுப்பும்படி சஃப்ரினிடம் சொல்லியிருக்கிறேன். மேலே எழுதியதை எல்லாம் விட்டுவிடு. திங்கட்கிழமைக்குள்ள வந்துரு லே.