கதவுக்குத் தெரியாத முகம்

"மன்னிக்கவும். நீங்கள் யார் என்று தெரியவில்லை" என்றது கதவு.

விரிவுரையாளர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு, கதவுக்கு மேலே இருந்த சின்ன கேமராவை மறுபடியும் நேராகப் பார்த்தார்.

"மன்னிக்கவும். நீங்கள் யார் என்று தெரியவில்லை."

மணி ஒன்பது நாற்பது. பதினோரு மணிக்குக் கல்லூரி அரங்கில் மாநாடு. அதில் அவர் வாசிக்க வேண்டிய கட்டுரை, ஆளின் முகத்தை அடையாளம் கண்டு தானாகவே திறந்துகொள்ளும் கதவைப் பற்றியது. கட்டுரை இருந்த மடிக்கணினி அந்தக் கதவுக்குப் பின்னால், அவருடைய மேசையில் பத்திரமாக இருந்தது.

கதவைச் செய்தவர்கள் அவரிடம் இறுதியாண்டு புராஜெக்ட் செய்யும் இரண்டு மாணவர்கள். ஒருவனை நெட்டை என்றும் இன்னொருவனைச் சோடாபுட்டி என்றும் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டைத் தவிர வேறெங்கும் அவர்களுடைய சொந்தப் பெயர்கள் புழக்கத்தில் இல்லை. மூன்று மாதமாகக் கதவு ஒரு நாளும் அவரை வெளியே நிறுத்தியதில்லை. சில நாள் ஓரிரண்டு நிமிடம் யோசித்துவிட்டுத் திறக்கும், அவ்வளவுதான். பெரிய கணக்கு, யோசிக்கத்தானே செய்யும்? அந்த நம்பிக்கையில் போன வாரம் தச்சரை வரவழைத்துச் சாவித் துவாரத்தை மரக்கட்டையால் அடைத்துவிட்டார். அடைத்த துவாரத்துக்குப் பக்கத்தில் அவர் சிரித்தபடி நிற்கும் படம் மாநாட்டு மலரில் வந்திருந்தது.

இன்றைக்குக் கதவின் மேல் குற்றம் சொல்லவும் முடியாது. நேற்று மாலை அவருக்குக் கடைவாய்ப் பல் ஒன்றைப் பிடுங்கியிருந்தார்கள். வலது கன்னம் வீங்கி, வலது கண்ணைப் பாதி மூடிவிட்டது. பல் மருத்துவரின் கருவி இடறியதில் மேலுதட்டில் ஒரு தையல். தையல் மேல் பிளாஸ்திரி ஒட்டுவதற்காக இருபது வருட மீசையை எடுத்துவிட்டார்கள். தலையையும் தாடையையும் சேர்த்துக் கட்டியிருந்த மப்ளர் மனைவியின் யோசனை.

மப்ளரை அவிழ்த்துவிட்டுப் பார்த்தார். கதவு மன்னிப்புக் கேட்டது.

உள்ளங்கையால் வீங்கிய கன்னத்தை அழுத்தி, பழைய அளவுக்குக் கொண்டுவந்து பார்த்தார். கண்ணில் தண்ணீர் வந்தது. கதவு மன்னிப்புக் கேட்டது.

அப்போதுதான் அவருக்கு அடையாள அட்டை நினைவுக்கு வந்தது. அதில் மீசையோடு, இரண்டு கன்னமும் சரியாக இருக்கும் படம் இருந்தது. அதை எடுத்துக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார்.

கட்டிடமே அதிரும்படி சைரன் அலறியது.

அடுத்தவன் படத்தைக் காட்டி ஏமாற்றப் பார்க்கும் ஆளைக் கண்டால் சைரன் அலற வேண்டும் என்று மாணவர்களிடம் ஒற்றைக்காலில் நின்றவர் அவர்தான். கட்டுரையில் அதற்கென்று நான்கு பக்கம் ஒதுக்கியிருந்தார். அது வேலை செய்வதை இன்றைக்குத்தான் முதன்முதலாகக் கேட்கிறார். அந்த நிலைமையிலும் கொஞ்சம் பெருமையாகத்தான் இருந்தது.

பக்கத்து அறையான ஆய்வகத்தின் கதவு நாலு விரல் அகலம் திறந்தது. ஆய்வக உதவியாளர் தலையை நீட்டினார். கல்லூரியில் எல்லோருக்கும் அவர் லேப் அக்கா.

"அங்ஙா, நான்தாங்ஙா" என்றார் விரிவுரையாளர்.

லேப் அக்கா அவரை மேலும் கீழும் பார்த்தார். கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளும் போட்டுக்கொண்டார்.

உதட்டுத் தையலால் அவருக்கு 'ப'வும் 'ம'வும் வரவில்லை. படிப்பவர்களுக்குச் சிரமம் வேண்டாம் என்பதால் இனி அவர் பேசியதை நேரான தமிழிலேயே எழுதிவிடலாம். நேரில் கேட்டவர்கள் பட்ட பாடு தனி.

காவலாளி லத்தியோடு ஓடிவந்தார். வேலைக்குச் சேர்ந்து ஐந்து நாள்தான் ஆகிறது. சைரன் சத்தத்தை அவரும் எதிர்பார்த்துக்கொண்டேதான் இருந்தார்.

"யாருய்யா நீ? ரூமை உடைக்கிறியா?"

"இது என் ரூம்ப்பா. பாரு, என் கார்டு."

காவலாளி அட்டையை வாங்கி, படத்தையும் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார்.

"இவரு நல்லா இருக்காரே. உங்க தம்பியா?"

"நான்தான். பல்லு புடுங்கினேன்."

"புடுங்குனது பல்லு. மீசை எங்க போச்சு?"

இதற்குச் சுருக்கமான பதில் இல்லை. விரிவுரையாளர் கைப்பேசியை எடுத்து நெட்டையைக் கூப்பிட்டார். எடுக்கவில்லை. சோடாபுட்டியைக் கூப்பிட்டார். அவனும் எடுக்கவில்லை. இருவரும் மாநாட்டு அரங்கில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். கடைசியில் மனைவியை வீடியோவில் கூப்பிட்டார்.

"காலையிலயே லீவு போடுங்கன்னு தலைபாடா அடிச்சுக்கிட்டேன், கேட்டீங்களா?" என்றுதான் அந்த அம்மாள் தொடங்கினார்.

"அதை விடு. இவர்கிட்ட நான் யாருன்னு ஒரு வார்த்தை சொல்லு."

காவலாளி கைப்பேசியை வாங்கிக்கொண்டார். "அம்மா, இவரு உங்க வீட்டுக்காரரா?"

"எந்த வீட்டுக்காரர்? நல்லா இருந்த சுவிட்சை எல்லாம் கழட்டிப் போட்டுட்டு, கைதட்டினாத்தான் லைட்டு எரியும்னு வெச்சாரே, அவரா?"

"அவர்தான், அவர்தான்" என்றார் விரிவுரையாளர் பின்னாலிருந்து.

"நேத்து டி.வி.யில யாரோ பாட்டுக்குக் கைதட்டினாங்க. தலை முழுக்க சோப்போட நான் பாத்ரூம் இருட்டுல நிக்கிறேன். அப்படி ஒரு ஆளை எனக்குத் தெரியவே தெரியாதுப்பா."

இணைப்பு அறுந்தது.

"அம்மா தெரியாதுன்னுட்டாங்க" என்றார் காவலாளி. அவர் குரலில் மரியாதை இன்னும் ஒரு படி இறங்கியிருந்தது. விரிவுரையாளரை ஒரு முக்காலியில் உட்காரவைத்து, பக்கத்தில் நின்றுகொண்டார்.

மணி பத்து இருபது. தாழ்வாரத்தின் கோடியில் துறைத் தலைவி வருவது தெரிந்தது. கூடவே மாநாட்டின் சிறப்பு விருந்தினர். பெரிய நிறுவனமொன்றின் முதலாளியான அவர், அரங்கில் பேச்சைக் கேட்பதற்கு முன் கதவை நேரில் பார்க்க ஆசைப்பட்டு நாற்பது நிமிடம் முன்னதாகவே வந்துவிட்டார். இவர் தலையாட்டினால் இரண்டு மாணவர்களுக்கும் வேலை கிடைக்கும். ஆறு வருடமாகத் துறைத் தலைவியின் அலமாரியில் தூங்கும் விரிவுரையாளரின் பதவி உயர்வுக் கோப்பும் கண் விழிக்கும்.

"யாருங்க இவரு?" என்றார் துறைத் தலைவி.

"திருடன் மேடம். ஆனா படிச்சவர் மாதிரி இருக்கு" என்றார் காவலாளி.

"மேடம், நான்தான். நேத்து உங்ககிட்டதானே பல் டாக்டரைப் பாக்கணும்னு பர்மிஷன் கேட்டேன்?"

துறைத் தலைவி குனிந்து உற்றுப் பார்த்தார். "ஐயய்யோ, நீங்களா! ஒரு மணி நேரம்தானே பர்மிஷன் குடுத்தேன்? அதுக்குள்ள இவ்வளவு ஆயிருச்சா?"

சைரனை யாரோ அரங்கில் போய்ச் சொல்லியிருக்க வேண்டும். நெட்டையும் சோடாபுட்டியும் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார்கள். தங்கள் ஆசிரியரின் முகத்தைப் பார்த்ததும் நெட்டை சுவரைப் பிடித்துக்கொண்டான்.

"சார், உங்க புது முகத்தை உள்ள சொல்லணும் சார்" என்றான் சோடாபுட்டி.

"உள்ள சொல்லணுமா?"

"அதாவது, கதவுக்குக் கத்துக் குடுக்கணும். ரெண்டு நிமிஷம் சார்."

சோடாபுட்டி ஆய்வகக் கதவைத் தட்டி, "நான்தான்க்கா" என்று சொல்லி உள்ளே போனான். சொன்னபடி இரண்டே நிமிடத்தில் வெளியே வந்தான். நெற்றியில் வேர்வை.

"இப்ப நில்லுங்க சார்."

விரிவுரையாளர் கேமராவுக்கு முன்னால் போய் நின்றார்.

"வணக்கம். உள்ளே வாருங்கள்" என்றது கதவு. பூட்டு டக்கென்று விலகியது.

சிறப்பு விருந்தினர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "ரெண்டே நிமிஷத்துலயா? எங்க ஆளுங்க ஒரு புது முகத்தைச் சேக்கணும்னா ரெண்டு நாள் கேக்கறாங்க. எத்தனை படம் குடுத்தீங்க தம்பி?"

"ஒண்ணுகூட இல்ல சார்" என்றான் சோடாபுட்டி. அது உண்மை.

விருந்தினர் லேசில் நம்புகிற ஆளில்லை. அவர் போய் நின்று பார்த்தார். கதவுக்கு அவரைத் தெரியவில்லை. விரிவுரையாளரின் மூக்குக் கண்ணாடியை வாங்கிப் போட்டுக்கொண்டு நின்றார். தெரியவில்லை. மப்ளரைக் கட்டி, வாய்க்குள் கைக்குட்டையைத் திணித்துக் கன்னத்தை உப்பிக்கொண்டு நின்றார். அப்போதும் தெரியவில்லை.

"இப்ப நீங்க மப்ளரைக் கட்டிக்கிட்டு நில்லுங்க" என்றார்.

விரிவுரையாளர் கட்டிக்கொண்டு நின்றார். திறந்தது.

"ஹெல்மெட் இருக்கா யார்கிட்டயாவது?"

காவலாளி தன் ஹெல்மெட்டைக் கொண்டுவந்தார். வீங்கிய கன்னத்தின் மேல் அதை இறக்குவதற்குள் விரிவுரையாளருக்கு உயிர் போய்த் திரும்பி வந்தது. கறுப்புக் கண்ணாடி மூடிய ஹெல்மெட்டுக்குள் முகம் என்று ஒன்று இருப்பதே தெரியவில்லை. கேமராவுக்கு முன்னால் இரண்டு அடி தட்டுத் தடுமாறி நின்றார்.

"வணக்கம். உள்ளே வாருங்கள்."



"முகமே தெரியலையே!" என்றார் விருந்தினர். "முகத்தைப் பாக்கற கதவு, முகம் இல்லாம எப்படித் திறக்குது?"

இந்தக் கேள்வி விரிவுரையாளருக்கும் இருந்தது. ஆனால் இருபது வருடம் வகுப்பெடுத்தவர். தெரியாத கேள்விக்குத் தெரிந்ததுபோல் பதில் சொல்லும் பழக்கம் ஹெல்மெட்டுக்குள்ளிருந்தும் வேலை செய்தது.

"நிக்கற தோரணை, தோள்பட்டை, நடை, எல்லாத்தையும் அதுவாவே சேத்துப் பாக்குது. நாம கத்துக் குடுக்காததையும் கத்துக்கற நிலைக்கு வந்துருச்சு."

நெட்டைக்குப் பொறுக்க முடியாத இருமல் வந்தது.

பதினோரு மணிக்கு விரிவுரையாளர் கட்டுரையை வாசித்தார். 'ப'வும் 'ம'வும் இல்லாமல் நாற்பது நிமிடம் பேசினார். பாதி யாருக்கும் புரியவில்லை. மாநாடு என்பதால் அதை யாரும் குறையாக எடுத்துக்கொள்ளவில்லை. ஹெல்மெட்டைப் பற்றிய புதுப் பகுதியைப் போகிற போக்கில் அவரே சேர்த்துக்கொண்டார். அதற்குத்தான் அதிகக் கைதட்டல்.

பிறகு சிறப்பு விருந்தினர் எழுந்து ஒலிபெருக்கியைப் பிடித்தார்.

"நான் நிறைய கருவி பாத்திருக்கேன். ஒரு மனுஷன் பாத்து முடிவு பண்ற மாதிரியே முடிவு பண்ற கருவியை இன்னைக்குத்தான் பாத்தேன். எங்க ஆபீசுங்க எல்லாத்துக்கும் சேத்து நானூறு கதவு. வர்ற திங்கக்கிழமையே ஆரம்பிக்கறோம். இந்த ரெண்டு தம்பிகளும் அன்னைக்கே வேலைக்கு வந்துரலாம்."

அரங்கம் எழுந்து நின்றது. நெட்டையும் சோடாபுட்டியும் மட்டும் உட்கார்ந்தார்கள். சந்தோஷத்தில் எழுந்து நிற்கவே மறந்துவிட்டார்கள் போலிருக்கிறது என்று விரிவுரையாளர் நினைத்துக்கொண்டார். இந்த வயதில் தனக்கு இப்படி ஒரு வாய்ப்பு வந்திருந்தால் தானும் இப்படித்தான் உட்கார்ந்திருப்போம் என்று தோன்றியது.

"உங்க ஃபைலை இன்னைக்கே எடுக்கச் சொல்லிட்டேன்" என்று துறைத் தலைவி கை கொடுத்தார். மனைவியிடமிருந்து செய்தி வந்திருந்தது: "சும்மா சொன்னேன். அந்தக் காவலாளி விட்டாரா இல்லையா?" அவர் சிரிக்கப் பார்த்தார், தையல் இழுத்தது.

அரங்கின் வாசலில் லேப் அக்கா காத்துக்கொண்டிருந்தார். எல்லோரும் போகட்டும் என்று ஓரமாக நின்றவர், விரிவுரையாளர் தனியாக வந்ததும் பக்கத்தில் வந்தார்.

"சார், காலையில உங்களை எனக்கு அடையாளமே தெரியல. தப்பா எடுத்துக்காதீங்க."

"அட, பரவாயில்லைம்மா" என்றார் விரிவுரையாளர் பெருந்தன்மையாக. "அந்தக் கதவுக்கே தெரியல."

லேப் அக்கா தலையை ஆட்டிவிட்டு, கொஞ்சம் தயங்கினார். பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"நானூறு கதவுங்கறாங்களே சார், உங்க ஒரு கதவை ஸ்க்ரீன்ல பாத்துப் பாத்துப் பட்டனை அமுக்கறதுக்கே நான் இடத்தை விட்டு நகர முடியறதில்ல, திங்கக்கிழமையில இருந்து கூட ஒரு ஆளையாவது போட்டுக் குடுங்க."